கிணற்று மீனுக்குப் போட்ட ஊசி

மீனை முட்டையிட வைக்கும் மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவர் மடியில் பையை வைத்திருப்பது போல, அப்பா ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு மீனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

மாலை ஐந்து மணி இருக்கும். தோட்டத்து மோட்டார் ரூமை ஒட்டித் தகரம் போட்ட கொட்டகை. உள்ளே இரண்டு சிமென்ட் தொட்டிகள், நாலைந்து பிளாஸ்டிக் டப்புகள். என் மீன் பண்ணை அவ்வளவுதான். பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தகரம் இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. சாக்கின் ஈர வாடையும், அப்பாவின் சட்டையில் இருந்த கத்திரிச் செடி மருந்து வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின.

"ஏலே, போடு. எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டே இருக்கது?"

"அதுக்கு இல்லப்பா. டப்புல இருக்கே, அதுக்கு."

அப்பா எட்டிப் பார்த்தார். அவர் மடியில் இருந்தது எங்கள் குளத்துப் பெண் மீன். வயிறு உப்பியிருந்தது, தடவினாலே முட்டை கையில் தெரியும். டப்பில் இருந்தது பாலசமுத்திரத்துக் கிணற்றிலிருந்து வந்த பெண் மீன். ஒல்லி. வயிறு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

"இதுக்கா? வெங்காயத் தாளு கணக்கா இருக்கு. இம்புட்டுக் கொழுத்தது மடியில இருக்கையில..."

பின்பக்கத் தொட்டியில் ஒரே ஒரு ஆண் மீன் இருந்தது. மறுநாள் காலை அதை வெட்டப்போகிறோம். வெட்டிவிட்டால் இன்னொரு முறை வெட்ட எங்களிடம் ஆண் கிடையாது. அதன் வித்து எந்தப் பெண்ணின் முட்டையோடு சேர வேண்டும் என்பதுதான் அன்று எனக்கும் அப்பாவுக்கும் வழக்கு.

செத்தும் இருப்பது போலத் தெரியும் மீன்

அந்த மீன்கள் நாட்டுத் தேளி. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். செதில் இல்லாத கறுத்த மீன். வாயைச் சுற்றி மீசை. குளம் வற்றினால் சேற்றுக்குள் கிடக்கும்; மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். நல்ல மழை பெய்தால் வரப்பேறி அடுத்த வயலுக்கு நகர்ந்து போகும். குடகனாற்றுத் தண்ணீர் பாயும் எங்கள் அகரம் பக்கத்தில் ஒரு காலத்தில் வாய்க்காலில் கை விட்டாலே அகப்படுமாம்.

அதைக் குறைத்தது ஒரு பெரிய மீன். ஆப்பிரிக்கத் தேளி. எதையும் தின்னும், சில மாதங்களில் கை நீளம் வளர்ந்துவிடும். அதை வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இருக்கிற பல விஷயங்களைப் போல அதுவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அது நம் மீனைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் குறைவு. தின்றால்கூட மிச்சம் மீதி இருக்கும். அது நம் மீனோடு கலக்கிறது. கலந்து பிறப்பது பார்வைக்கு நாட்டுத் தேளி போலவே இருக்கும். குளம் நிறைய மீன் இருக்கும், அந்த மீன் மட்டும் இருக்காது.

நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் கேட்கிறார்கள்: "ஒரு மீன் போனால் போகட்டுமே, தின்ன வேறு மீன் இல்லையா?" இருக்கிறது. நீங்கள் தின்னலாம். மூன்று வருஷம் மழை பொய்த்துக் குளம் வெடித்துக் கிடந்தபோது அடிச்சேற்றில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை, நம் கவனக்குறைவால் இல்லாமல் செய்துவிட்டுத் தோளைக் குலுக்க எனக்கு மனசு வரவில்லை. மருந்தும் விலையுயர்ந்த தீவனமும் கேட்காமல், எங்கள் மண்ணில், எங்கள் தண்ணீரில் வளரக்கூடிய மீன் அது. ஏழை விவசாயி குட்டையில் வளர்க்க அதைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து இல்லை.

வாலுவெட்டி

எல்லாம் ஆரம்பித்தது மீன்பிடித் திருவிழா அன்று.

கோடையில் தண்ணீர் இறங்கியதும் எங்கள் ஊரில் ஒரு நாள் குறிப்பார்கள். விடியும்போதே சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் கரையில் கூடிவிடுவார்கள். நாட்டாமை சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நிமிஷம் ஆயிரம் கால்கள் குளத்துக்குள். வலை, கூடை, கொசுவலைத் துணி, சில பேர் வெறும் கை.

அந்த மீனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விற்கக் கூடாது. அன்றே குழம்பாகிவிட வேண்டும். உயிரோடு வைத்திருந்தால் மழை பொய்த்துப்போகும் என்பார்கள்.

நான் அந்தக் கூட்டத்தில் சின்னக் கத்தரிக்கோலோடு கூடை கூடையாகப் போய்க்கொண்டிருந்தேன். தேளி அகப்பட்டவர்களிடம் வால் துடுப்பின் நுனியில் ஒரு துணுக்குக் கேட்பேன். நகம் வெட்டுகிற அளவுதான், மறுபடி வளர்ந்துவிடும். அதை மருந்துக் குப்பியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அது அசலா கலப்பா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வார்கள். அசலை மட்டும் வைத்துக் குஞ்சு பொரிக்கலாம் என்பது என் திட்டம்.

"ஏய், வாலுவெட்டி வாரான்டா, மீனை ஒளிச்சு வைங்க!"

"அம்புட்டுப் படிப்புப் படிச்சது மீனுக்கு முடி வெட்டத்தானா?"

சிரித்தால் சிரிக்கட்டும். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன் உயிரோடு இருக்க வேண்டுமே? அங்கேதான் சிக்கல். சந்தையில் வாங்கி வைத்திருந்த கெண்டையைக் கொடுத்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பத்தொன்பது தேளிகளை டிரம்மில் சேர்த்துவிட்டேன்.

நாட்டாமை பார்த்துவிட்டார். எனக்கு மாமா முறை. கரையிலிருந்து இறங்கி வந்து டிரம்முக்குள் பார்த்தார்.

"என்ன பாண்டி இது?"

"வளக்கப் போறேன் மாமா. உசுரோட வேணும்."

"இன்னைக்கு மீனு இன்னைக்கே சட்டிக்குப் போகணும். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. இது போகாது."

"மழை வரலைன்னா ஊரு ஒன்னையத்தான் கேக்கும்."

"கேக்கட்டும். பதில் சொல்றேன்."

வாய் அப்படிப் பேசிவிட்டதே தவிர, அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் டிரம்மை வண்டியில் ஏற்றிவிட்டேன். அன்று ஊரே மீன் குழம்பு மணத்தது. எங்கள் வீட்டில் அம்மா ரசம் வைத்தாள். "ஊரு பூராம் கொழம்பு. பத்தொம்பது மீனு வீட்டுல கெடக்கு, எனக்கு வெஞ்சனம் அப்பளம்" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினாள்.

ஒவ்வொரு வீட்டின் சந்தோஷமும்

குப்பிகளை ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்துத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். "என்ன தம்பி, பிரியாணி பார்சலா? மணமே வரல" என்றார் கண்டக்டர்.

ஆய்வகத்தில் இருந்தவர் தேன்மொழி அக்கா. கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். முதல் சோதனை முடிவைப் போனில் சொன்னார். "பாண்டி, பத்தொன்பதும் நாட்டுத் தேளிதான். ஆனா இரு, இன்னொரு சோதனை இருக்கு."

அந்த "ஆனா இரு" என் காதில் ஏறவில்லை. டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டேன். நம் குளத்து மீன் பூராவும் அசல் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். படித்தவன் செய்யக் கூடாத அவசரம். முதல் சோதனை தாய் வழியை மட்டுமே பார்க்கும். தாய் நாட்டு மீனாக இருந்து, தகப்பன் ஆப்பிரிக்க மீனாக இருந்தாலும் அது 'அசல்' என்றே காட்டும்.

இரண்டாவது சோதனை தகப்பனையும் பார்த்தது. பதினேழு கலப்பு. அசல் இரண்டே இரண்டு. ஒரு ஆண், ஒரு பெண். அந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

மறுபடி டீக்கடைக்குப் போனேன். சொன்ன வாயால் திருத்திச் சொல்ல வேண்டும் அல்லவா?

நாட்டாமை டம்ளரைக் கீழே வைத்தார். "போன வாரம் பூராம் அசலுன்ன. இந்த வாரம் பூராம் கலப்படங்கிற. அடுத்த வாரம் வந்து அது மீனே இல்ல, ஆடுன்னு சொல்லுவியா?"

கடையே சிரித்தது. நான் நின்றேன். ஓடவில்லை.

கலப்பு எப்படி வந்தது என்று அன்று மாலை அப்பாவிடம் புலம்பினேன். அவர் கத்திரி நாற்றுக்குத் தண்ணீர் மடையை மாற்றிவிட்டு வந்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நாந்தான்லே விட்டேன்."

எங்கள் ஊரில் வேண்டுதல் பலித்தால் குளத்தில் மீன் குஞ்சு விடுவது வழக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு பாஸானபோது, எங்கள் வம்சத்தில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போகிறான் என்று அப்பா ஒரு பை குஞ்சு விட்டிருக்கிறார். மொபெட்டில் பாலிதீன் பையோடு வந்த ஒரு வியாபாரியிடம் வாங்கியது. "நாட்டுத் தேளி, சீக்கிரம் வளரும்" என்றானாம்; விற்றது ஆப்பிரிக்கத் தேளி.

அப்பா மட்டுமா? பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்த வீடு, பிள்ளை பிறந்த வீடு, போர் போட்டுத் தண்ணீர் வந்த வீடு. எல்லோரும் அதே மொபெட்டுக்காரனிடம் வாங்கி, அதே குளத்தில் விட்டிருக்கிறார்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டின் சந்தோஷமும் அந்தக் குளத்துக்குள் போயிருக்கிறது. நாட்டு மீனைத் தீர்த்தது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

நான் படித்த படிப்புக்காக விட்ட மீன், நான் காப்பாற்றப் படித்த மீனைக் கலப்பாக்கியிருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "விடுங்கப்பா, சரி பண்ணிரலாம்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

பதினேழையும் அம்மாவிடம் கொடுத்தேன். குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆள் இறங்காத கிணறு

"ரெண்டு மீனை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற? அண்ணனும் தங்கச்சியும்" என்றார் தேன்மொழி அக்கா. "விட்டுடு. வேற மாநிலத்துல பண்ணைக் குஞ்சு கிடைக்கும், வாங்கி வளர்த்துடு."

"அது இந்த ஆத்து மீனு இல்லக்கா."

"பிடிவாதக்காரன்."

"ஆமா."

கல்யாண வீடு, இழவு வீடு, சந்தை என்று போகிற இடமெல்லாம் கேட்டேன். எங்கேயாவது வெளி மீன் விடாத தண்ணீர் உண்டா? ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு தேங்காய் வியாபாரி, பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றைச் சொன்னார்.

அந்தத் தோப்பு சரஸ்வதி அக்காவுடையது. ஐம்பது வயது இருக்கும். கிணறு சுத்தமாக இருக்க மீன் விட்டு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவர் கல்யாணமாகி வருவதற்கு முன்பே விட்ட மீனாம். பிறகு யாரும் புதிதாக விடவில்லை, பிடிக்கவும் இல்லை.

"ஏனுங்க தம்பி, வாலை மட்டும் வெட்டிட்டு வுட்டுருவீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

"ஆமாங்கக்கா. அசலா இருந்தா ஒரு மீன் கேப்பேன்."

"ஒண்ணுன்னா ஒண்ணுதானுங்க. கெணத்த ரொம்ப கலக்கிப் போடாதீங்க. சேறு மோட்டாருக்குள்ள பூந்துக்கும்."

தோப்புக்கு இளநீர் பறிக்க வருகிறவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். இரண்டு முறை இறங்கியதில் அகப்பட்டது அந்த ஒல்லிப் பெண் மட்டுமே. துணுக்கை அனுப்பினேன். இந்த முறை இரண்டு சோதனையும் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

அசல். எங்கள் குளத்து ஆணோடு நெருங்கிய சொந்தம் இல்லை. ஆனாலும் அந்நியமும் இல்லை. எங்கள் குடகனாறும் பழனிப் பக்கத்து ஆறும் போய்ச் சேர்வது அமராவதியில்தான். ஒரு குடும்பத்தின் இரண்டு வீடுகள்.

அத்தை மகளும் கூடப் பிறந்தவளும்

ஊசியோடு நின்ற அந்த மாலைக்கு வருகிறேன்.

கெண்டை மீனில் ஆணின் வயிற்றை அழுத்தினால் வித்து வந்துவிடும். தேளியில் வராது. ஆணைக் கொன்று உள்ளே இருக்கும் பையை எடுத்தாக வேண்டும். ஒரு பையை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துப் பிழைக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கை வராது.

அப்பா விடவில்லை. "நான் காலம் பூராம் விதை எடுத்தவன். கொழுத்த காயத்தான் விதைக்கு விடணும். சூம்புன காய விதைக்கு விட்டா சூம்புனதுதான் காய்க்கும்."

"கத்திரிக்குச் சரிப்பா. இது ரெண்டும் கூடப் பொறந்ததுக."

"சொந்தத்துல கட்டுனா என்ன? ஒங்க அம்மா எனக்கு அத்தை மக. நீ என்ன நொண்டியாவா பொறந்த?"

"அத்தை மக வேறப்பா, கூடப் பொறந்தவ வேற."

அப்பா மீன்மேல் சாக்கை இழுத்துவிட்டார். பிறகு, "ரெண்டுக்கும் போட்டுப் பாரேன்" என்றார் இறங்கி.

அதையும் நான் யோசிக்காமல் இல்லை. இரண்டுக்கும் போட்டால், கொழுத்ததன் குஞ்சுதான் குவியும். கண்முன் குவிந்து கிடப்பதை விட்டுவிட்டு நாலு குஞ்சைப் பேணும் மனசு எனக்கே வராது. நான் அதைத்தான் வளர்ப்பேன், ஊருக்கும் அதைத்தான் கொடுப்பேன். முதல் தலைமுறை நன்றாகவே இருக்கும். அடுத்தடுத்ததில் வளைந்த முதுகும், பொரியாத முட்டையும், ஒரு நோய்க்கு மொத்தமாகச் சாவதுமாகப் போகும். கிணற்று மீனும் தன் கிணற்றுக்குள் குறுகிப்போன குடும்பம்தான். ஆனால் குறுகிய இரண்டு குடும்பங்கள் கலந்தால் மறுபடி விரியும். கொழுத்தவள் வேறொரு ஆண் கிடைக்கும்வரை காத்திருக்கட்டும்.

"இது பொரிக்கலைன்னா?" என்றார் அப்பா.

"ஆண் போச்சு. எல்லாம் போச்சு."

"தெரிஞ்சுதான் செய்றியா?"

"தெரிஞ்சுதான்."

அப்பா கொழுத்ததைத் தொட்டியில் விட்டார். ஈரச் சாக்கை அலசினார். ஒல்லியை எடுத்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகம் மட்டும் வேறு பக்கம் இருந்தது. நான் ஊசியைப் போட்டேன்.

காலையில் ஆணை வெட்டினேன். அம்மா கொட்டகைப் பக்கமே வரவில்லை. பையை எடுத்து நசுக்கி, ஒல்லியின் வயிற்றைத் தடவி வந்த முட்டையில் கலந்து, கோழி இறகால் கிளறினேன். கேழ்வரகு போல ஒரு கைப்பிடி முட்டை. அவ்வளவே.

மறுநாள் மதியத்துக்குள் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. வெளுத்தால் செத்தது என்று அர்த்தம். நான் டப்பின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பார்த்தார். நான் சொல்லியும் கேட்டாயா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏலே... அது என்ன துடிக்குது?"

கண்ணிமை மயிர் அளவில் ஒன்று, தண்ணீரில் தலைகீழாகச் சுழன்றது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு மூலை முழுக்க.

குடத்தோடு வந்தவர்கள்

இருநூற்றுச் சொச்சம் குஞ்சுகள் தேறின. மூன்று வாரத்தில் மீசை முளைத்துவிட்டது. மழையோ இன்னும் வந்தபாடில்லை.

ஒரு நாள் காலை நாட்டாமை நாலைந்து பேரோடு கொட்டகைக்கு வந்தார். ஒருவர் கையில் மஞ்சள் பூசிய பித்தளைக் குடம்.

குஞ்சுகளை வெகுநேரம் குனிந்து பார்த்தார் நாட்டாமை. அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அதை இன்றும் மறைக்க மாட்டேன்.

"நல்ல வேலை பாத்திருக்க பாண்டி. அசலு மீனு கொளத்துக்குத் திரும்பிட்டா மழையும் எறங்கிரும். குடத்துல போடு."

"இல்ல மாமா."

"என்ன இல்ல?"

"குளம் பூராம் கலப்பு கெடக்கு. இப்ப விட்டா ரெண்டு வருசத்துல இதுவும் கலந்துரும். முதல்ல அதைப் பூராம் பிடிச்சு எடுக்கணும். வாலு வெட்டிப் பாக்கணும். அப்பறந்தான்."

குடம் வைத்திருந்தவர் குறுக்கே வந்தார். "கொளம் ஊரோடது. கொளத்து மீனும் ஊரோடது. நீ யாருலே தரமாட்டேங்கிறதுக்கு?"

நான் தொட்டிக்கும் குடத்துக்கும் நடுவில் போய் நின்றேன். அப்பா கத்திரி வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்துவிட்டார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"மச்சான்," என்றார் நாட்டாமையிடம். "நல்லதுன்னு நெனச்சு ஒருக்கா நான் விட்டேன். நீயும் ஒம் மக கல்யாணத்துக்கு விட்ட. இன்னொருக்கா விட வைக்காத."

நாட்டாமைக்குச் சுருக்கென்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிடா. கொளம் எப்பச் சுத்தமாகும்? எத்தன வருசம்?"

"தெரியாது மாமா."

"மழை வருமா?"

"தெரியாது."

"இம்புட்டும் செலவழிச்சு ஒங்கப்பன் ஒன்னையப் படிக்க வச்சது, தெரியாதுன்னு சொல்லத்தானா?"

"ஆமா மாமா. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லத்தான் படிச்சேன்."

அவர்கள் வெறுங்குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். குஞ்சுகளுக்குத் தீனி போடும் நேரம். மண்புழுவைப் பொடியாக நறுக்கத் தொடங்கினேன்.